மைக்கில் ‘டொம்’ கேட்கிறதா? ஷாக் மவுண்ட் வாங்கும் முன் தட்டிப் பாருங்கள்

தக்கலையை ஒட்டி இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டின் பின்கட்டு அறைதான் என் ஸ்டுடியோ. கோயில் கொடைக் காலத்தில் வில்லுப்பாட்டுக்காரர்கள் வருவார்கள், நவம்பர் பிறந்தால் கேரல் பாடும் பிள்ளைகள் வருவார்கள். இடைப்பட்ட நாட்களில் ஆட்டோவில் மைக் கட்டி ஊர் சுற்றும் விளம்பரக் குரல்கள். இந்த வேலையில் நான் அதிகம் கேட்ட கேள்வி: “அண்ணே, மைக்குல ஒரு சத்தம் வருது, ஷாக் மவுண்ட் வாங்கிப் போட்டா போயிருமா?”

பல பேருக்கு நான் சொல்லும் பதில், “போகாது மக்கா.”

காரணம் எளிது. வேண்டாத சத்தம் மைக்குக்குள் வர மூன்று வழிகள் உண்டு. ஸ்டாண்டின் கால் வழியாக அதிர்வாக ஏறி வரும்; காற்று வழியாக வரும்; வயர் வழியாக மின்சாரமாக வரும். ஷாக் மவுண்ட் காவல் நிற்பது முதல் வழியில் மட்டும்தான். மைக்கை எலாஸ்டிக்கில் தொங்கவிட்டு, ஸ்டாண்டின் நடுக்கம் அதன் உடம்பைச் சேராமல் பார்த்துக்கொள்ளும். மற்ற இரண்டு வழியில் வருவதை அது கண்டுகொள்ளவே செய்யாது. ஆகவே கடைக்குப் போகும் முன், எந்த வழி என்று பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் சோதனை

வழக்கமாகப் பதிவு செய்யும் இடத்திலேயே மைக்கை வையுங்கள். கெயினை, அதாவது மைக் சத்தத்தைக் கூட்டும் திருகை, வழக்கமான அளவில் விட்டு, ரெக்கார்டை அமுக்கிவிட்டு, அரை நிமிடம் பேசாமல் இருங்கள். பிறகு விரல் முட்டியால் ஸ்டாண்டின் அடிக்காலில் மூன்று தட்டு, மேசையில் மூன்று தட்டு, குதிகாலால் தரையில் மூன்று குத்து.

இப்போது வயரைக் கழற்றாமல் மைக்கை மட்டும் ஸ்டாண்டிலிருந்து எடுத்து, அதே இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் தலையணை போட்டு அதன் மேல் படுக்க வையுங்கள். கெயினைத் தொடக் கூடாது. அதே அரை நிமிட அமைதி, அதே தட்டு, அதே குத்து.

இரண்டையும் ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேளுங்கள். தலையணையில் வைத்ததும் சத்தம் செத்துவிட்டால் அது கால் வழி வந்தது. ஷாக் மவுண்டுக்கு வேலை இருக்கிறது. அப்படியே இருந்தால் காற்று அல்லது வயர். தலையணையைப் போல ஒரு ஷாக் மவுண்ட் உலகத்தில் கிடையாது. அதை ஸ்டாண்டில் கட்ட முடியாது என்பது ஒன்றுதான் குறை.

‘ஆள் நடந்தா டொம் டொம்முன்னு கேக்குது’

இதுதான் ஷாக் மவுண்டின் சொந்த நோய். ஆனால் இதற்கும் முதல் மருந்து மவுண்ட் இல்லை, இடமாற்றம்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு வில்லுப்பாட்டைப் பதிவு செய்தபோது. குழு உட்கார மரப்பலகைகளைச் சேர்த்துத் தாழ்வான மேடை போட்டிருந்தேன். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று மைக் ஸ்டாண்டுகளையும் அதே பலகை மேல் நிறுத்திவிட்டேன். ஒத்திகையில் எல்லாம் சரி. பாட்டு சூடு பிடித்துக் குடம் அடிக்கிறவர் கையை ஓங்கியதும், பாடுகிறவர் மைக்கில் குடம் வீங்கிக்கொண்டு வந்தது. காற்று வழியாக ஒரு குடம், பலகை வழியாக இன்னொரு குடம். வார்த்தை எல்லாம் அதற்குள் அமுங்கிப் போயிற்று. தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலியைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் என்ன வெட்டியும் பிரிக்க முடியவில்லை. மறுநாள் எல்லோரையும் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. வண்டிக்கூலி என் கையைக் கடித்தது.

அன்றைக்கு வயதான புலவர் ஒருவர் குடத்தின் அடியைக் காட்டிச் சொன்னார்: “குடத்தைத் தரையிலயா வச்சிருக்கோம்? வைக்கோல் புரிமணை போட்டுல்லா வச்சிருக்கோம். ஒம்ம மைக்குக்கு ஏன் போடல?” குடம் உருளாமல் இருக்கவும் அதன் நாதம் தரைக்குப் போய்ச் சாகாமல் இருக்கவும் போட்ட புரிமணை அது. பாத்திரம் வைக்கும் அடுக்களைப் புரிமணையின் அண்ணன். ஷாக் மவுண்ட் செய்வதும் இதையேதான், அங்கே வைக்கோல், இங்கே எலாஸ்டிக்.

ஆகவே இந்த வரிசையில் போங்கள். ஆள் நிற்கிற அல்லது உட்கார்கிற பலகையிலிருந்து ஸ்டாண்டை இறக்கி, சிமெண்டுத் தரைக்கு மாற்றுங்கள். ஸ்டாண்டின் மூன்று காலிலும் ரப்பர் மூடி இருக்கிறதா பாருங்கள். ஒன்று கழன்றிருந்தால் அந்தக் கால்தான் ஒலிவாங்கி. கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்புத் துண்டு போடுங்கள். இத்தனைக்குப் பிறகும் டொம் மிச்சமிருந்தால் ஷாக் மவுண்ட் போடுங்கள். அதன் பிறகும் கொஞ்சம் இருந்தால் 80 ஹெர்ட்ஸில் லோ கட், அதாவது அதற்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டும் பொத்தான். பேச்சுக்கும் பெரும்பாலான பாட்டுக்கும் 80க்குக் கீழே இழக்க ஒன்றும் இல்லை. குடத்துக்கும் தவிலுக்கும் வைத்த மைக்கில் மட்டும் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.

‘ரோட்டுல டாரஸ் போனா ஒரு உறுமல்’

களியக்காவிளை சாலையை ஒட்டி வீடு உள்ளவர்களுக்கு விளக்க வேண்டாம். டாரஸ் மாதிரிப் பாரம் ஏற்றிய லாரி வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஜன்னல் கண்ணாடியே பேசும். இரணியல், குழித்துறைப் பக்கம் தண்டவாளத்துக்கு அருகில் இருப்பவர்களுக்கு ரயில்.

இங்கே ஷாக் மவுண்டைப் பற்றி ஒரு சங்கதி தெரிந்திருக்க வேண்டும். தொங்கும் மைக்கும் எலாஸ்டிக்கும் சேர்ந்து ஓர் ஊஞ்சல். ஊஞ்சலுக்குச் சொந்தமாக ஒரு ஆட்டக் கணக்கு இருக்கும். அந்தக் கணக்கிலேயே தள்ளினால் ஆட்டம் கூடுமே தவிரக் குறையாது. மவுண்டும் அப்படித்தான்: தன் சொந்த அதிர்வெண்ணுக்குச் சுமார் 1.4 மடங்குக்கு மேல் வரும் அதிர்வுகளைத்தான் அது தடுக்கத் தொடங்கும். அதற்குக் கீழே தடுப்பு இல்லை. சொந்த அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் பெரிதாக்கியே கொடுக்கும். சாலை அதிர்வு தரை வழியாக வரும்போது பெரும்பாலும் மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் வருகிறது. விறைப்பான மவுண்டாக இருந்தால் லாரிக்கு நீங்களே தாளம் போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

அதனால் லாரித் தொல்லைக்கு விறைப்பில்லாத மவுண்டும் லோ கட்டும் சேர்ந்தே போக வேண்டும். லோ கட் மைக்கிலேயே இருந்தால் அங்கேயே போடுங்கள். கம்ப்யூட்டரில் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த உறுமல் ப்ரீஆம்பை (மைக்கின் சின்ன சிக்னலைப் பெரிதாக்கும் பகுதியை) நிரப்பி உச்சம் தட்டிவிடும். வெட்டுப்பட்ட உச்சத்தைப் பிறகு ஒட்ட முடியாது. லாரியின் எஞ்சின் சத்தம் வேறு. அது காற்றில் வருகிறது. அதற்கு ஜன்னலைத்தான் கவனிக்க வேண்டும், இல்லை ராத்திரி வேலை பார்க்க வேண்டும்.

‘கீபோர்டு தட்டினா, மவுசை நகர்த்தினா கேக்குது’

மேசை ஓரத்தில் கவ்வி வைத்த பூம் ஆர்ம், அதாவது மைக்கைத் தாங்கும் மடக்குக் கைதான் காரணம். மேசை ஒரு பெரிய பறை. கவ்வி அதன் குச்சி. கவ்வியின் மேலும் கீழும் ரப்பர் துண்டு வைத்து இறுக்குங்கள். சைக்கிள் ட்யூபை நாலாக மடித்தாலும் போதும். வெளியே தெரியும் ஸ்பிரிங் உள்ள ஆர்ம் என்றால், ஸ்பிரிங்கை விரலால் சுண்டிப் பாருங்கள். ‘டொய்ங்’ என்று நீளமாக ஒலித்தால், அதற்குள் ஒரு துணிப்பட்டையையோ ஸ்பாஞ்ச் துண்டையோ திணித்துவிடுங்கள். இந்த ‘டொய்ங்’ எதனால் என்று தெரியாமல் மைக்கை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆர்மில் மாட்டும் மைக்குக்கு ஷாக் மவுண்ட் நல்ல உதவிதான். ஆனால் ஷூர் எஸ்எம்7பி போன்ற மைக் வைத்திருப்பவர்கள் வாங்க வேண்டாம். அதன் உள்ளேயே ஒலிக்கூட்டைக் காற்று மெத்தையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். மைக்கே 765 கிராம். அதற்கு மேல் ஒரு மவுண்டையும் ஏற்றினால் மலிவான ஆர்ம் தலை குனிந்துவிடும். அதே ஷூரின் எஸ்எம்58 மைக்கிலும் உள்ளேயே இப்படி ஒரு ஏற்பாடு உண்டு.

‘யாரும் அசையலை, ஆனாலும் ம்ம்ம்ன்னு ஒரே இரைச்சல்’

தலையணைச் சோதனையை இங்கே கவனமாகச் செய்யுங்கள். தலையணையிலும் இரைச்சல் மாறாமல் இருந்தால், முதலில் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். போய்விட்டால் அது மின் இரைச்சல். நம் ஊர் கரண்டின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். எர்த் சரியில்லாத பிளக், கரண்டு வயரோடு பின்னிக் கிடக்கும் மைக் வயர், வயருக்குள் இரைச்சலைத் தடுக்கச் சுற்றியிருக்கும் ஷீல்டு அறுந்திருப்பது ஆகியவற்றைத் தேடுங்கள். ஷாக் மவுண்டுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

குழப்புவது கிணற்று மோட்டார். வீட்டு மோட்டார் பம்புகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 2,800 முதல் 2,900 சுற்று சுற்றும். அதாவது நொடிக்கு 47, 48 சுற்று. காதுக்கு 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் மாதிரியே இருக்கும். ஒரு மாலை முழுக்க வயர் வயராக மாற்றிக்கொண்டிருந்தேன்; ஓவர்ஹெட் டேங்க் நிரம்பியதும் இரைச்சல் தானே நின்றது. மோட்டார் சுவரோடு போல்ட் போட்டு நின்றால் அது கட்டடம் முழுக்க நடக்கும், ஸ்டாண்டின் கால் வழியாக மைக்குக்கும் வரும். தலையணையில் குறைகிறதா பாருங்கள். குறைந்தால் மவுண்ட் உதவும். ஆனால் பதிவு நேரத்தில் மோட்டாரை நிறுத்துவது அதைவிட மலிவு.

ஃபேன் காற்று நேராக மைக்கில் பட்டாலும் இதே போல ஒரு கரகரப்பு வரும். ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து இறங்கும் காற்று ஓட்டிடுக்கு வழியாக உள்ளே வந்தாலும் அதே கதை. அதற்கு வேண்டியது ஸ்பாஞ்ச் உறை, மவுண்ட் இல்லை.

‘ப’ வரும்போதெல்லாம் ‘ப்ஃபும்’

வாயிலிருந்து வரும் காற்றுக்குண்டு. மைக்குக்கு முன்னால் நிற்கும் வலைத்தடுப்பான பாப் ஃபில்டர் வேண்டும். அல்லது மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கன்னத்தின் ஓரமாக வையுங்கள். ‘பரிசுத்த பிதாவே’ என்று தொடங்கும் ஜெபத்தைப் பதிவு செய்ய வந்த ஒரு தம்பி, மூன்றாவது ஷாக் மவுண்டை வாங்கிய பிறகுதான் என்னிடம் வந்தான்.

‘மவுண்ட் போட்டாச்சு, ஒரு வித்தியாசமும் இல்லை’

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. தவறான மவுண்டை வாங்கியவர்களும், சரியான மவுண்டைத் தவறாக மாட்டியவர்களும் இங்கேதான் வந்து சேர்கிறார்கள்.

முதலில் வயரைப் பாருங்கள். மைக்கின் அடியிலிருந்து விறைப்பான எக்ஸ்எல்ஆர் வயர் (மூன்று முள் மைக் வயர்) நேரே இழுபட்டு ஸ்டாண்டில் சுற்றப்பட்டிருக்கும். எலாஸ்டிக் தடுத்த அதிர்வு அந்த வயரின் மேல் ஏறி உள்ளே போய்விடும். முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்த மாதிரி. மைக்கை விட்டு இறங்கியதும் வயரை ஒரு சாண் வட்டமாகத் தொங்கவிட்டு, அதற்குப் பிறகே ஸ்டாண்டில் கட்டுங்கள். நான் பார்த்த ‘வேலை செய்யாத’ மவுண்டுகளில் நிறைய, இந்த ஒரு வட்டத்தில் பிழைத்திருக்கின்றன.

அடுத்து, உள்கூடும் வெளிவளையமும் எங்கேயாவது தொடுகின்றனவா என்று ஒரு துண்டுக் காகிதத்தை இடையில் விட்டுச் சுற்றிப் பாருங்கள். காகிதம் மாட்டும் இடத்தில் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. அங்கே மவுண்ட் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

இரண்டும் சரியென்றால் மிச்சம் எடைப் பொருத்தம். எலாஸ்டிக் ஒரு குறிப்பிட்ட எடைக்குத்தான் இசையும். ரோட் என்டி5 போன்ற பென்சில் மைக் 101 கிராம்தான். நாய்மன் யு87 போன்ற பெரியது அரைக் கிலோ. பெரியதுக்குக் கட்டிய எலாஸ்டிக்கில் சின்னதை வைத்தால் அது இறங்கவே செய்யாது. சுவரில் அறைந்த ஆணி மாதிரி நிற்கும். கிளிப்பில் ரப்பர் சுற்றிப் பருமனைச் சரிக்கட்டலாம், எடையை அப்படிச் சரிக்கட்ட முடியாது. பென்சில் மைக்குக்குப் பென்சில் மைக்கின் மவுண்டைத்தான் வாங்க வேண்டும்.

பொருத்தம் பார்க்க ஒரு அளவுகோலும் கண்ணும் போதும். மைக் இல்லாமல் உள்கூடு நிற்கும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மைக்கை மாட்டியதும் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது? 1 மி.மீ. இறங்கினால் அந்த ஊஞ்சலின் சொந்த அதிர்வெண் ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ், 4 மி.மீ. இறங்கினால் 8 ஹெர்ட்ஸ். எலாஸ்டிக் கம்பிச்சுருள் போல ஒழுங்காக நடக்காது என்பதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் கூடும். என்றாலும் கடையில் நின்று முடிவெடுக்க இந்தக் கணக்கு போதும். 3 முதல் 5 மி.மீ. வரை இறங்கினால் எனக்குத் திருப்தி. 15 மி.மீ. இறங்கினால் அது தூளி; ஆள் பக்கத்தில் வந்தாலே ஆடும், அடியில் போய் இடிக்கும்.

இறக்கம் மட்டும் போதாது. பெரிய சவ்வு கண்டென்சர் மைக்கில் சவ்வு பாடுகிறவரைப் பார்த்து நிற்கிறது. ஆகவே மைக் முன்னும் பின்னும் அசைவதுதான் அதிகம் கேட்கும். மாட்டிய பிறகு மைக்கை முன்னால் லேசாகத் தள்ளி விடுங்கள். மெதுவாக நாலைந்து தரம் ஆடி அடங்கினால் நல்லது. விறைத்து ‘டக்’கென்று நின்றால் அந்தத் திசையில் பாதுகாப்பு குறைவு.

‘மைக் வழுக்கி இறங்குது’, ‘மைக் நுழையவே மாட்டேங்குது’

வாங்கும் முன் தையல் டேப்பை எடுத்து மைக்கின் இடுப்பைச் சுற்றி அளந்து 3.14ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஏடி2020 போன்ற மைக் 52 மி.மீ. விட்டம், 345 கிராம். ‘யுனிவர்சல்’ என்று அட்டையில் போட்டிருந்தாலும், எத்தனை மி.மீ. முதல் எத்தனை வரை என்று கேட்காமல் காசைக் கொடுக்காதீர்கள். இடுப்பு ஒரே பருமனாக இல்லாமல் அடியில் குறுகும் மைக்குகளைக் கிளிப் வகை மவுண்ட் பிடிக்காது. அவற்றுக்கு அடியில் மரை போட்டு முறுக்கும் வகைதான் சரி. தலைகீழாகத் தொங்கவிட்டுப் பதிவு செய்பவர்கள் எப்போதும் மரை வகையே எடுங்கள். கிளிப்பை நம்பி மைக்கை அந்தரத்தில் விட வேண்டாம்.

ஸ்டாண்டின் மரையும் இரண்டு வகை: 5/8 அங்குலம், 3/8 அங்குலம். இரண்டுக்கும் நடுவே போடும் சின்னப் பித்தளை அடாப்டரை மவுண்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். நாகர்கோவிலில் அதற்காக மட்டும் இரண்டு தரம் பஸ் ஏறியிருக்கிறேன்.

மைக் முகம் குனிந்துகொண்டே போனால் எலாஸ்டிக்கைப் பழி சொல்லாதீர்கள். வளையத்துக்குக் கீழே இருக்கும் முட்டித் திருகுதான் எடை தாங்காமல் நழுவுகிறது. பிளாஸ்டிக் முட்டி என்றால் திருகத் திருக உடையும். கனமான மைக்குக்கு உலோக முட்டி பார்த்து வாங்க வேண்டும்.

‘கிறீச் கிறீச்’, தொங்கிப்போன எலாஸ்டிக்

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இந்த வியாதி சீக்கிரம் வரும். உப்புக்காற்றில் திருகுகள் துருப்பிடித்து, அசையும்போது முனகும். ஒரு துளி எண்ணெய் விட்டுத் துடைத்துவிடுங்கள், எலாஸ்டிக்கில் மட்டும் எண்ணெய் படக் கூடாது. ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும். ஜன்னல் வெயில் படும் இடத்திலும் மவுண்டைத் தொங்கவிட வேண்டாம்.

மாட்டிவிட்டு இறக்கத்தை மறுபடி அளந்து பாருங்கள். வாங்கிய அன்று 4 மி.மீ. இருந்தது இன்றைக்கு 10 என்றால் எலாஸ்டிக் களைத்துவிட்டது. இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்கள் ரைகோட் கம்பெனியின் லயர் வகை மவுண்டைப் பார்க்கலாம். அதில் எலாஸ்டிக்குக்குப் பதில் ஹைட்ரல் என்ற வளையும் பிளாஸ்டிக். விலை கூடுதல்தான், கடற்கரைக்காரர்களுக்கு அது கொள்ளாம்.

மற்றவர்கள் எலாஸ்டிக்கை மட்டும் மாற்றினால் போதும், புது மவுண்ட் வாங்க வேண்டாம். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டக்காரர் ஒருவர் “நம்ம ஊரு ரப்பர் இருக்க எலாஸ்டிக் எதுக்கு” என்று பொட்டலம் கட்டும் ரப்பர் பேண்டுகளைக் கோர்த்துக் கட்டிப் பார்த்தார். முதல் வாரம் பிரமாதம். பிறகு ஒவ்வொன்றாக வெடித்து அறுந்தது. மூடாத இயற்கை ரப்பரைக் காற்றிலுள்ள ஓசோனும் வெயிலும் தின்றுவிடும், அதுவும் இழுத்துக் கட்டிய நிலையில் சீக்கிரமாக. தையல் சாமான் கடையில் கிடைக்கும் நூல் சுற்றிய உருண்டை எலாஸ்டிக், 3 மி.மீ. தடிமன், அதுதான் வேண்டும்.

பழையதைக் கழற்றும் முன் எந்தக் கொக்கியிலிருந்து எந்தக் கொக்கிக்குப் போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எலாஸ்டிக்கின் நீளத்தை அளந்து அதே நீளம் வெட்டாதீர்கள். அது இழுபட்டு நீண்டு போனது. புதியதைத் தளர்வாகக் கோர்த்து, மைக்கை மாட்டி, 3 முதல் 5 மி.மீ. இறக்கம் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, அப்புறம் முடிச்சுப் போடுங்கள். மறுநாள் முடிச்சு கொஞ்சம் இறங்கியிருக்கும். ஒரு தரம் மறுபடி இழுத்துக் கட்ட வேண்டிவரும். முடிச்சு வெளிவளையத்தின் பக்கமாக நிற்கட்டும். உள்கூட்டில் உரசினால் அதுவே புதிதாக ஒரு கிறீச்சைக் கொண்டுவரும்.